அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளுக்குள் நிதி ஏற்றத்தாழ்வு ஏன்? அது படிப்பைப் பாதிக்குமா?

ஓர் அரசுப் பள்ளியில் மாணவர் ஒருவருக்குச் செலவாகும் தொகை, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் செலவாவதைவிட மிகக் குறைவாக இருப்பதுதான் நிதி ஏற்றத்தாழ்வு. அமெரிக்காவில் இதன் வேர் சொத்து வரி. பள்ளிச் செலவில் கணிசமான பங்கை அந்தந்தப் பள்ளி மாவட்டமே, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகமே, வீடு, நிலங்களின் மீது வரி போட்டுத் திரட்டுகிறது.

தெருவிளக்குக்கு ஒவ்வொரு தெருவும் தானே வசூல் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிசைத் தெரு வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் கொடுத்தாலும் ஒரு விளக்குதான் எரியும்.

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1960களின் இறுதியில் இதுதான் நடந்தது. ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம், 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி விதித்தது. மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். வசதியான அலமோ ஹைட்ஸ் விதித்ததோ 85 சென்ட். கிடைத்தது 333 டாலர். மாநில, மத்திய உதவி சேர்ந்தும் எட்ஜ்வுட்டுக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 594 டாலர் என்ற இடைவெளி நின்றது. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1973இல் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். எனக்கு அது இன்றும் உறுத்தும் தீர்ப்பு.

பணம் என்பது இங்கே நல்ல ஆசிரியர் நிலைத்திருப்பது, வகுப்பில் கூட்டம் குறைவது. பன்னிரண்டு ஆண்டும் செலவு 10 சதவீதம் கூடியபோது ஏழைப் பிள்ளைகள் ஏறக்குறைய அரை ஆண்டு கூடுதலாகப் படித்ததாக 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஏழை ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் குறைவாக வரி கட்டுகிறார்கள் என்று பலர் நினைப்பது தவறு. எட்ஜ்வுட்டின் வரி விகிதம்தான் அன்று அந்த வட்டாரத்திலேயே அதிகமாக இருந்தது.