‘வெரி’ இல்லாமல் எழுதுவது குறித்து

மும்பையில் தாதரிலிருந்து அந்தேரி வரை லோக்கல் ரயிலில் நின்றபடியே நாளொன்றுக்கு 50 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தும், அலுவலக மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் ‘வெரி ஹேப்பி’, ‘வெரி ஆங்ரி’ என்பவற்றைத் தவிர வேறெதுவும் கைக்கு வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். குறை உங்கள் நினைவாற்றலில் இல்லை, நீங்கள் மனப்பாடம் செய்யும் சொற்பட்டியலில்தான் இருக்கிறது.

எரிச்சல், ஆற்றாமை, ஆத்திரம் மூன்றையும் தமிழில் நாம் குழப்பிக்கொள்வதில்லை அல்லவா? ரயில் பத்து நிமிடம் தாமதமானால் ‘அனாய்ட்’. உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போய், அது மனத்துக்குள் புகைந்துகொண்டே இருந்தால் ‘ரிசென்ட்ஃபுல்’. கண்மண் தெரியாத கோபமென்றால் ‘ஃபியூரியஸ்’. உணர்ச்சியை முதலில் தமிழில் துல்லியமாகப் பிடித்துவிட்டு, அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். நாளுக்கு இரண்டு சொற்கள் போதும், ஆனால் அன்றே அவற்றை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் பழைய தெசாரஸ் (ஒரே பொருள் தரும் சொற்களைத் தொகுத்துத் தரும் நூல்) ஒன்று கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 1852-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ரோஜே வெளியிட்ட மூல நூல், சொற்களை அகரவரிசையில் அல்லாமல் பொருள்வாரியாக அடுக்கியிருந்தது. ஆயினும் அருகருகே நிற்பதாலேயே அவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகிவிடுவதில்லை. இரண்டும் ஒல்லியான உடலையே குறித்தாலும், ‘ஸ்லெண்டர்’ என்பது பாராட்டு, ‘ஸ்கின்னி’ என்பது பெரும்பாலும் குத்தல். இந்த வேறுபாட்டை நான் ஒரு தோழியின் முகம் சுருங்கியபோதுதான் தெரிந்துகொண்டேன்.