டாக்டர் பதில்கள்: எக்ஸ்ரே சொல்லாதது

கேள்வி: ஏற்காடு காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் அப்பாவுக்கு (68) வைரஸ் நிமோனியா. சேலத்தில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் பக்கத்துக் கட்டில் பையனுக்குத்தான் பாதிப்பு அதிகமாம். ஆனால் ஐ.சி.யூ.வுக்கு அப்பாவை மாற்றினார்கள். ஏன்?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: எக்ஸ்ரேயை மட்டும் வைத்து நான் முடிவெடுப்பதில்லை அம்மா. முதலில் கட்டில் பக்கத்தில் நின்று ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவேன். (கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் ஜூனியர்கள் என்னிடம் திட்டு வாங்காமல் போனதில்லை.) 30-ஐத் தொட்டால் கவலைதான். அப்புறம் பேச்சில் குழப்பம், ரத்த அழுத்தம், ரத்தத்தில் யூரியா, வயது 65-ஐத் தொட்டதா என்று பார்ப்போம். இந்த ஐந்தையும் கூட்டி நிமோனியாவின் ஆபத்தை அளக்கும் மதிப்பெண்தான் கர்ப்-65, 2003-இல் வந்தது. கோவிட் வந்தபோது, 2020-இல், பிரிட்டன் நோயாளிகளை வைத்து 4சி என்று இதேபோல் 21 மதிப்பெண் கணக்கு ஒன்றைப் போட்டார்கள். அதில் ஆக்சிஜன் அளவு, சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கூட இருக்கும் மற்ற நோய்கள் எல்லாம் சேரும்.

அப்பாவுக்கு வயதே மதிப்பெண்ணை ஏற்றியிருக்கும். மற்றது கேஸ் ஷீட்டில் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். அதற்காக அந்தப் பையன் தப்பித்தான் என்று அர்த்தமில்லை. வயது குறைந்தவர்களுக்கு கர்ப்-65 ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். அதனால் மதிப்பெண்ணை ஒருமுறை போட்டுவிட்டு ஓய முடியாது.

ஒன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி அங்கே சேலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம். ஆனால் காய்ச்சலோடு மூச்சும் வாங்கினால் மலைமேல் பழியைப் போட்டுக் காத்திருக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பகலிலேயே இறங்கிவிடுங்கள்.