கேளுங்கள் சொல்கிறேன்: தார் போடாத பாதை

கேள்வி: பிரான்சில் நடக்கும் பாரிஸ் - ரூபே சைக்கிள் பந்தயத்தை டிவியில் பார்த்தேன். கரடுமுரடான கல் பாதையில் வீரர்கள் விழுந்து எழுகிறார்கள். இந்தக் காலத்திலும் அதற்குத் தார் போடக் கூடாதா?

பதில்: போடத்தான் போட்டார்கள். 1960-களில் வட பிரான்சின் கிராமப் பாதைகள் ஒவ்வொன்றாகத் தார் சாலையாகிவிட்டன. 1896-ல் தொடங்கிய பந்தயத்துக்கு ஓடப் பாதையில்லாமல் போகும் நிலை. அமைப்பாளர்கள் மிச்சமிருந்த கல் பாதைகளைத் தேடி அலைந்தபோது, ழான் ஸ்தாப்லின்ஸ்கி என்ற வீரர் ஆரன்பெர்க் காட்டுப் பாதையைச் சொன்னார். 1962-ல் உலக சாம்பியன் ஆனவர் அவர். இள வயதில் அதே பகுதியில் சுரங்கத் தொழிலாளி. 1968-ல் பந்தயம் முதன்முதலாக அதன் வழியாகப் போனது.

கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர், கோடு போட்டதுபோல நேர்ப்பாதை. ஆனால் ஒரு கல் மேடு, அடுத்த கல் பள்ளம், இடுக்கெல்லாம் பாசி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை கொப்புளித்துவிடும். பிடியைத் தளர்த்தி, பெரிய கியரில், வேகம் குறையாமல் மிதிக்க வேண்டும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உதைக்கும்.

இந்தக் கல் பாதைகளைப் பராமரிக்கவே ஆர்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர்ந்த கற்களைத் தோண்டியெடுத்து மறுபடி பதிக்கிறார்கள். 2024-ல் ஆரன்பெர்க்கில் புல்லை மேய ஆடுகளையே விட்டார்கள். ஜெயித்தவருக்குக் கோப்பையாகக் கிடைப்பதும் இதே கல்தான். தார் போட்டால் எதைக் கொடுப்பார்கள், சொல்லுங்கள்?

கேள்வி: மூன்று வாரம் ஓடும் டூர் டி பிரான்ஸை விட, ஒரே நாள் பந்தயம் சுலபம்தானே?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே இன்று விட்டதை நாளை பிடிக்கலாம். இங்கே நாளை கிடையாது. சுமார் 260 கிலோமீட்டர்; தப்பான இடத்தில் ஒரு பஞ்சர், அவ்வளவுதான், அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும்.

மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலியர் அப்படிக் காத்திருந்தவர். 2016-ல் பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு கை எலும்பு முறிந்தது. வீட்டுக்குள்ளேயே சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்துப் பயிற்சி எடுத்தார். பந்தயத்தன்று முன்கூட்டியே பிரிந்த சிறு கூட்டத்தோடு போய், கடைசியில் பந்தயம் முடியும் ரூபே வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத்துக்கான வட்டத் தடம்), நான்கு முறை ஜெயித்திருந்த டாம் போனனையே கடைசி நேர வேகப் பாய்ச்சலில் முந்தினார். அப்போது வயது 37, பாரிஸ் - ரூபேயில் அது அவருக்கு 15-வது முயற்சி. கோட்டைத் தாண்டியபின் நம்ப முடியாமல் நின்ற அந்த முகத்தை நான் எத்தனை முறை ஓடவிட்டுப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.