ஐஸ் ஏன் கரிக்கிறது?

கேள்வி: கடல்நீரை உறையவைத்தால் உப்பு பிரிந்துவிடும் என்று படித்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்தேன். ஐஸ் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது. படித்தது தவறா?

பதில்: படித்தது சரிதான். ராத்திரி முழுக்க விட்டதில்தான் சிக்கல்.

தண்ணீர் உறையும்போது மூலக்கூறுகள் ஒழுங்கான வரிசையில் அமரும். அங்கே உப்புக்கு இடமில்லை, வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்ட உப்பு மிச்சத் தண்ணீரில் சேர, அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். கடல்நீர் உறையத் தொடங்குவது சுமார் மைனஸ் 1.9 டிகிரியில். வீட்டு ஃப்ரீஸரோ மைனஸ் 18. அந்தக் குளிரில் படிகங்கள் அவசரமாக வளர்ந்து, நடுநடுவே உப்புநீரைச் சிறைபிடித்துவிடும். உங்கள் ஐஸை உடைத்துப் பாருங்கள். ஓரம் கெட்டியாகவும் நடுப்பகுதி பொலபொலவென்று ஈரமாகவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக நாக்கில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

மறுபடி செய்யுங்கள். பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் கனத்த துணியைச் சுற்றி, மேலே திறந்து வையுங்கள். மேலிருந்து மெதுவாக உறையும். பாதி உறைந்ததும் எடுத்து, அடியில் உள்ள நீரைக் கொட்டிவிட்டு, ஐஸைக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் சட்டென்று அலசுங்கள். அப்புறம் உருக்கி, இன்னொரு முறை இதையே செய்யுங்கள். கரிப்பு நன்றாகக் குறையும்.

ஆர்க்டிக் கடலில் இதை இயற்கையே செய்கிறது. புதிதாக உறைந்த கடல் பனி கரிக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்த பழைய பனியிலிருந்து உப்புநீர் நுண்ணிய வழிகளில் வடிந்துபோயிருக்கும். அதை உருக்கிக் குடிக்கலாம். ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இன்யுட் மக்களுக்கு இது பழகிய விஷயம்.

எனக்கு இந்த முறை மேல் தனிப் பிரியம் உண்டு. கொதிக்கவைத்து உப்பைப் பிரிப்பதானால், ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் தர வேண்டும். உறையவைக்க 334 கிலோஜூலை எடுத்தால் போதும். இந்தக் கணக்கை நம்பித்தான் 1960-களில் பொறியாளர் அலெக்சாண்டர் சார்ச்சினின் முறையில் இஸ்ரேலின் எய்லாத்தில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையே அமைத்தார்கள். வெற்றிடத்தில் கடல்நீரில் கொஞ்சம் கொதித்து ஆவியாகும். அதற்கான வெப்பத்தை இழந்து மிச்சத்தில் ஒரு பங்கு உறையும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் படிகங்களில் ஒட்டிய உப்பை அலச, கிடைத்த நல்ல தண்ணீரிலேயே ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டும். கடல்நீரை அழுத்தி நுண்ணிய சவ்வு வழியாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸில் உறையவைக்கவும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம். 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் போதும். அதுதான் ஜெயித்தது.

ஒன்று மட்டும்: நிஜக் கடல்நீரில் செய்தால் குடித்துவிடாதீர்கள். உறையவைப்பதால் எல்லாக் கிருமிகளும் செத்துவிடாது.