கண்ணை மூடும் பூனை

அன்புள்ள ஐயா,

தெருப்பூனைகளை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அந்த வாரத்தில்தான் எங்கள் வாகன நிறுத்தத்தில் பின்னங்காலில் காயத்தோடு கிடந்த ஒரு பெட்டைப் பூனையைத் தூக்கி வந்தேன். ஒரு வயது இருக்கலாம் என்றார் மருத்துவர். கால் ஆறிவிட்டது. ஆனால் 4 வாரமாகக் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. நான் தூங்கிய பிறகு வெளியே வந்து தின்றுவிட்டுப் போகிறது. கடந்த 5 நாட்களாக இரவெல்லாம் வாசற்கதவின் முன்னால் நின்று கத்துகிறது. அந்தக் குரலைக் கேட்க முடியவில்லை. தெருவில் பிறந்ததைத் தெருவிலேயே விட்டுவிடு, உன் திருப்திக்காக அதைச் சிறைவைக்காதே என்கிறாள் என் தோழி. மீட்பு, தத்தெடுப்பு என்று நாம் சொல்வதெல்லாம் பூனைக்காகவா, நமக்காகவா? கதவைத் திறந்துவிடட்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

கதவைத் திறக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

காலுக்கு மருத்துவம் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். கருத்தடை செய்ததாக எழுதவில்லை. ஒரு வயதுப் பெட்டை, 5 நாட்களாக இரவு முழுவதும் கத்துகிறது என்றால் அது பருவத்துக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தரையில் புரள்கிறதா, பின்பாகத்தைத் தூக்கி வாலை ஒருபக்கம் ஒதுக்குகிறதா என்று பாருங்கள். இணை சேராவிட்டால் ஒரு வாரம்போல நீடித்து அடங்கும், இரண்டு மூன்று வாரங்களில் திரும்ப வரும். நீங்கள் அந்தக் குரலை விடுதலை கேட்கும் குரலாக எடுத்துக்கொண்டீர்கள். இன்றிரவு கதவைத் திறந்தால் அது போய்விடும். ஏறத்தாழ 9 வாரத்தில் எங்கோ ஒரு படிக்கட்டின் அடியில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் பால்குடி மறக்கும் முன்பே அது மறுபடி சினையாகக்கூடும். வலியாலும் பூனை இப்படிக் கத்தலாம் என்பதால் நாளைக்கே மருத்துவரிடம் பேசி, அறுவைக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தோழி சொல்லும் சிறை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளுமாம் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். தெருப்பூனையை ஒரு பகல் முழுக்கக் கவனித்தவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். தெருப்பூனை முழுதாகக் கண்ணை மூடுவது அபூர்வம். மூடினாலும் காதுகள் திரும்பியபடி இருக்கும், முன்னங்கால்கள் உடம்புக்கடியில் எழத் தயாராக மடிந்திருக்கும். பூனை வேட்டையாடும் விலங்கு என்பதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வேட்டையாடப்படும் அளவுக்குச் சிறியது என்பது மறந்துபோகிறது. நாய், வண்டிச் சக்கரம், அடுத்த தெருக் கடுவன், கல்லெறியும் கை, இத்தனைக்கும் காது கொடுத்துக்கொண்டேதான் அது தூங்கவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த கடுவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வைக்கவில்லை, கடுவன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. வரும்போது ஐந்து வயதிருக்கும். ஒரு காது கிழிந்து, கழுத்தில் கடிபட்ட இடம் சீழ்கட்டி, கருத்தடை செய்யாத கடுவன்களுக்கே உரிய உப்பிய கன்னங்களோடு வந்தான். இரத்தத்தில் எஃப்.ஐ.வி. இருந்தது. பூனையின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ் அது, மனிதருக்குத் தொற்றாது. ஆழமான கடியால் பரவுவதால் சண்டைக்காரக் கடுவன்களுக்கே அதிகம் வரும். எதற்கு இந்தப் பாடு, ஊசி போட்டு முடித்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகள் இருப்பான் என்றார் மருத்துவர். அதன்பின் 7 ஆண்டுகள் இருந்தான்.

முதல் இரண்டு மாதமும் அவன் உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். சுவரோடு ஒட்டி, முகத்தை வாசல் பக்கம் வைத்து. பிறகு படுத்தான், ஆனால் யாராவது நடந்தால் எழுந்துவிடுவான். நான்காவது மாதம் ஒருநாள் மதியம், கூடத்தின் நடுவே நான்கு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தான். அடுக்களையில் என் கை தவறி ஒரு பாத்திரம் விழுந்தது. ஒரு காது மட்டும் அசைந்தது. கண் திறக்கவில்லை. நான் அந்தப் பாத்திரத்தை எடுக்காமல் நின்று அழுதேன்.

உணவைத் தெருவிலும் வைக்கலாம். மருந்தைக்கூட உணவில் கலந்து கொடுத்துவிட முடியும். அந்த மதியத் தூக்கத்தை மட்டும் தெருவில் கொண்டுபோய் வைக்க வழியில்லை. மீட்டெடுத்த பூனைகளின் முன்பு-பின்பு படங்களில் மினுங்கும் ரோமத்தையும் ஏறிய எடையையும் பார்த்து எல்லோரும் மகிழ்கிறார்கள், நானும்தான். ஆனால் பூனைக்கு நேர்ந்த பெரிய மாற்றம் அந்தப் படத்தில் தெரிவதில்லை.

கட்டிலடியில் இருப்பதை நினைத்து வருந்தாதீர்கள். ஒளிந்திருந்து பார்த்துத்தான் பூனை ஓர் இடத்தைப் படித்துக்கொள்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் பெட்டி கிடைத்தவை மூன்று நான்கு நாட்களிலேயே பதற்றம் தணிந்தன, கிடைக்காதவற்றுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. எனவே இழுத்து வெளியே எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் வழியுள்ள ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிலின் ஓரமாக வையுங்கள். தினமும் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து எதையாவது மெல்லிய குரலில் வாசியுங்கள். தற்செயலாகக் கண் சந்தித்தால் முறைத்துப் பார்க்காமல் மெதுவாக இமைகளை மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். அப்படி இமைத்த அந்நியரை நோக்கிப் பூனைகள் அதிகம் நெருங்கி வந்தன, பதிலுக்குத் தாமும் இமைத்தன. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: இரவில் வைத்த உணவு முழுநாள் தொடாமல் கிடந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினியே பூனையின் கல்லீரலைக் கெடுக்கப் போதும்.

உங்கள் தோழி பாதி சரி. பிறந்து 2 முதல் 7 வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கையையே அறியாமல் வளர்ந்த பூனைக்கு வீடு கடைசிவரை அச்சமாகவே இருந்துவிடலாம். அப்படிப்பட்டதைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியை நறுக்கி, பிடித்த இடத்திலேயே விட்டு உணவு வைப்பதுதான் மீட்பு. தாய் இரைதேடப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளை அநாதை என்று நினைத்துத் தூக்கிவருவதும் தவறு. உங்களுடையது இவற்றில் சேராது என்றே நினைக்கிறேன். கூண்டு வைக்காமல் உங்கள் கைக்கு வந்த பூனை அது. காயத்தின் சோர்வும் காரணமாக இருக்கலாம், ஆகவே உறுதியாகச் சொல்லமாட்டேன். மூன்று நான்கு மாதம் கொடுங்கள். அப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தால் மறுபடி யோசிப்போம்.

பூனைக்காகவா நமக்காகவா என்று கேட்டீர்கள். நமக்காகவும்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் நமக்காக மட்டும் என்றால், முகமே காட்டாத ஒன்றுக்கு நீங்கள் 4 வாரமாக உணவு வைத்துக்கொண்டிருக்கமாட்டீர்கள்.

அறுவை முடிந்து வந்ததும் அது திரும்பக் கட்டிலடிக்கே போகும். எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே என்று கலங்கவேண்டாம். தையல் ஆறட்டும். பிறகு ஒருநாள் பகலில், குனிந்து எட்டிப் பார்க்காமல், அலைபேசியைத் தரையோடு வைத்துப் படம்பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து தூங்குகிறதா, படுத்துத் தூங்குகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.