பக்கத்துத் தோட்டத்துத் துப்பாக்கி

கேள்வி: குடகில் ஆறு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இரவானால் காட்டுப்பன்றித் தொல்லை. இந்த ஊர்க் கொடவ இனத்தாருக்கும், ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம். ஆயுதங்களை வணங்கும் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக் குழல் முனையில் செங்காந்தள் செருகிக் கும்பிடுகிறார்கள். நான் மட்டும் அலைய வேண்டுமா? இந்த விலக்கை எதிர்த்து வழக்குப் போடலாமா? இப்போதைக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கொடவ நண்பர் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காவலுக்குக் கொடுத்திருக்கிறார். சம்மதக் கடிதமும் தந்திருக்கிறார்.

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது கடைசி இரண்டு வரிதான். அந்தத் துப்பாக்கி இன்றே உங்கள் இடத்தை விட்டுப் போக வேண்டும். நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதுவும் குற்றமே. அவரே வந்து எடுத்துப் போகட்டும்.

வழக்கு வேண்டாம். ஆயுதச் சட்டம் 41-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு தந்த விலக்கு அது. 2019-இல் பத்தாண்டுக்கு நீட்டித்தார்கள். சமத்துவம் பேசிப் போன மனுவை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே வரும் உரிமை, காலவரையும் நிபந்தனையும் உண்டு என்றது. அதே வாதத்துக்கு நீங்களும் செலவழிப்பானேன்?

விலக்கு ஆளுக்கு, துப்பாக்கிக்கு அல்ல. அவர் கையில் இருக்கும்வரை சட்டப்படியான பொருள். உங்கள் ஸ்டோர் ரூமுக்குள் வந்ததும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 25(1பி) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து. 'நான் தொடவே இல்லை, காவல்காரர்தான் வைத்திருந்தார்' என்பதும் எடுபடாது. கையில் இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டில் இருந்தால் உடைமைதான் என்று 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஸ்டோர் ரூம் சாவி யாரிடம்?

பலர் விழும் குழி அந்தக் கடிதம். 3-ஆவது பிரிவில் எழுத்து அனுமதிக்கு இடம் உண்டு. ஆனால் பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, உரிமையாளரே பயன்படுத்த எடுத்துப் போவதற்கு மட்டும். உங்கள் காவலுக்கு அல்ல. அதுவும் லைசென்ஸ்தாரர் தரும் அனுமதி. உங்கள் நண்பரிடம் இருப்பது விலக்கு. வழக்கு என்று வந்தால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி, உரிமை இல்லாதவரிடம் ஆயுதம் கொடுத்ததற்காக 29-ஆவது பிரிவில் அவரையும் இழுக்கும். வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்பது ஒரு தடைதான். ஆனால் குடகில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்பவர் டெபுடி கமிஷனரே. நாளை நீங்கள் லைசென்ஸ் கேட்டு நிற்கப்போவதும் அவரிடமே.

லைசென்ஸ் வழி நீங்கள் நினைக்கும் அளவு அடைபட்டதல்ல. 13(3) பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், லைசென்ஸ் மறுக்க 14-ஆவது பிரிவு சொல்லும் காரணம் எதுவும் இல்லாதபோது கொடுத்தே ஆக வேண்டும். தற்காப்பு என்று எழுதி ரிவால்வர் கேட்பவர்தான் 'தக்க காரணம்' காட்டித் திண்டாடுவார். ஏ-1 படிவத்தோடு உங்கள் பெயரிலுள்ள ஆர்.டி.சி. (நில உரிமை, பயிர்ப் பதிவேட்டு நகல்), சேதத்தின் தேதியிட்ட படங்கள், வனத்துறைக்குக் கொடுத்த புகார் நகல் வையுங்கள்.

லைசென்ஸ் வந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி அல்ல. வனவிலங்குச் சட்டம் 11-ஆவது பிரிவில் எழுத்து அனுமதி தனியாக வேண்டும், உங்கள் நண்பருக்கும்தான். இல்லாமல் சுட்டுத் தண்டனை பெற்றால், லைசென்ஸை ரத்து செய்து ஐந்து ஆண்டுக்குப் புதிது கிடைக்காதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதுவரை பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள், கொல்லையை உழுது சரிசெய்வதற்கு முன்பே.