உடலை நான்கு நாள் வைக்கலாமா? முதலில் என்ன நோய் என்று கேளுங்கள்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அப்பா தொடங்கிய சிறிய மலர்ச்சாலையை (இறுதிச்சடங்கு நிலையத்தை) இப்போது நான் நடத்துகிறேன். கனடாவிலிருந்து பிள்ளைகள் வரும்வரை இறந்தவரின் உடலை நான்கு நாள் வீட்டில் வைக்க வேண்டும் என்கிறார்கள். போன மாதம் ஒரு ஐயாவின் முகம் இரண்டாம் நாளே பச்சையாகிவிட்டது. மீதிக் காசும் வரவில்லை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: போனில் நாள் கணக்குச் சொல்லாதீர்கள். என்ன வருத்தம் (நோய்), எப்போது உயிர் போனது, பிரேத பரிசோதனை நடந்ததா என்று முதலில் கேளுங்கள்.

அந்த ஐயாவுக்குப் பெரும்பாலும் மஞ்சள் காமாலை இருந்திருக்கும். தோலில் தேங்கிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை, உடல் கெடாமலிருக்க ஏற்றும் ஃபார்மலின் பச்சையாக்கிவிடும். நாலு நாள் தாங்க வேண்டுமே என்று மருந்தைக் கடுமையாக ஏற்றினால் பச்சை இன்னும் கூடும். இப்படிப்பட்ட உடலில் முதலில் இரத்தத்தை நன்றாக வடித்துவிட்டு, காமாலைக்கென்றே வரும், ஃபார்மலின் குறைந்த திரவத்தை ஏற்றுங்கள். நிறம் கொஞ்சம் மாறலாம் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீரிழிவுக்காரருக்குக் கழுத்து நாடியில் ஏற்றும் மருந்து பல நேரம் பாதம்வரை போவதில்லை. கால் விரல்களை அழுத்திப் பாருங்கள். இறுகாமல் மெத்தென்று இருந்தால் தொடை நாடியில் தனியாக ஏற்ற வேண்டும். பிரேத பரிசோதனை நடந்த உடலென்றால் கழுத்து, அக்குள், தொடை என இரு பக்கமும் ஆறு இடத்தில் ஏற்றுங்கள். திடீர் மரணமா? மரண விசாரணை அதிகாரி உடலை விடுவிக்கும்வரை எம்பாம் (மருந்தேற்றிப் பதப்படுத்துவது) செய்யவே கூடாது.

நான்கு நாளும் வீட்டில் வைப்பதை நான் விரும்பமாட்டேன். குளிர் அறை இருந்தால் மூன்று நாள் மலர்ச்சாலையில் இருக்கட்டும். விமானம் இறங்கிய பிறகு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பாவம், தூரத்திலிருந்து ஓடி வரும் பிள்ளைகள் கடைசியாகப் பார்க்கப்போவது அந்த முகத்தைத்தான். வீட்டில் மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படக்கூடாது, உதடு காய்ந்து சுருங்கிவிடும். மெல்லியதாக வாஸ்லின் தடவிவிடுங்கள். சைவ வீடென்றால் கிரியையில் அரப்பும் எண்ணெயும் வைப்பார்கள். அதனால் பவுடரும் பூச்சும் அதிகம் வேண்டாம், எல்லாம் திட்டுத்திட்டாகக் கலைந்துவிடும்.

சரி, காசு. பெட்டி, எம்பாம், குளிர் அறை, வாகனம், தகனக் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, வேலை தொடங்குமுன் ஒரே ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தாய்மாமனோ மருமகனோ, கொஞ்சம் நிதானமாக நிற்பவராகப் பார்த்து வெளியே அழைத்துப் பேசுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் வேண்டாம். நாள் கூடினால் எவ்வளவு கூடும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். விமானம் பிந்தினால் அதில்தான் பிரச்சினை வரும்.